வேலைக்கு முன் ஐந்து நிமிடப் பேச்சு

வானம் தோண்டுதல், வாய்க்கால் தூர் வாருதல், குளக்கரையைப் பலப்படுத்துதல், பள்ளிக் கட்டடம் எழுப்புதல் முதலிய வேலைகள் நம் கிராமங்களில் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. மதிப்பீடு தயாரிப்பதில் நாம் காட்டும் கவனத்தை, வேலையாட்களின் உயிரைக் காப்பதிலும் காட்டுதல் அவசியம். அதற்கு எளிய சாதனம், காலையில் மண்வெட்டியை எடுக்குமுன் எல்லோரையும் கூட்டி ஐந்து நிமிடம் பேசுவதாகும். "ஜாக்கிரதையாக வேலை செய்யுங்கள்" என்று நாள்தோறும் ஒன்றையே கூறுவதால் பயனில்லை. அன்றைக்கு, அந்த இடத்தில் உள்ள அபாயத்தையே பேச வேண்டும். அப்பேச்சைத் தயாரிக்கும் முறையை இங்கு ஆராய்வோம்.

1. இடத்தைப் பார்த்தல்

பேசுகிறவர் முந்திய மாலையிலேயே வேலையிடத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஆத்தூர்ப் பகுதியை உதாரணமாகக் கொள்வோம். தாமிரபரணிக் கரையில் வண்டல். கடலை நெருங்க நெருங்க மணற்பாங்கு. சில அடி தோண்டினாலே நீர் ஊறும் இடங்களும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் அண்டையிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. மாவட்டத்தில் பல குளக்கரைகள் உடைந்தன. உடைந்து அடைக்கப்பட்ட கரையில் பழைய மண்ணும் புது மண்ணும் சேருமிடம் பலவீனமானது. அங்கே வெடிப்பு உண்டா, நீர்க் கசிவு உண்டா, மேலே மின்கம்பி செல்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்க.

2. ஒரு பேச்சுக்கு ஒரே அபாயம்

பத்துச் செய்திகளை ஒருங்கே சொன்னால் ஒன்றும் மனத்தில் நில்லாது. குறித்தவற்றுள் அன்று உயிருக்கு உலை வைக்கக்கூடியது எதுவோ அதனை மட்டும் எடுத்துக்கொள்க. பள்ளம் தோண்டும் நாளுக்கு ஏற்ற பேச்சு இவ்வாறு அமையலாம்:

"இன்று ஆறடி ஆழம் தோண்டப் போகிறோம். ஒரு கன மீட்டர் மண்ணின் எடை ஏறத்தாழ ஒன்றரை டன். நனைந்தால் அதற்கும் மேல். மார்பளவு மூடினாலே மூச்சு நின்றுவிடும். ஆகையால் பலகை முட்டுக் கொடுக்காமல் ஒருவரும் உள்ளே இறங்கலாகாது. வெட்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் தள்ளிக் கொட்டுங்கள். ஏணியை எடுக்காதீர்கள். கரையில் வெடிப்பு விட்டால் உடனே மேலே ஏறிவிடுங்கள். மண் சரிந்தால் மற்றவர் உள்ளே குதிக்காமல் 112க்கும் 108க்கும் சொல்லுங்கள்."

இதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். மிகுந்த நேரம் வேலையாட்களுடையது.

3. கேட்டலும் பேச்சின் பகுதியே

ஜப்பான் நாட்டு வேலைத்தளங்களில் 'கிகென் யோச்சி' என்னும் பழக்கம் உண்டு. 'அபாயத்தை முன்னறிதல்' என்பது அதன் பொருள். எங்கே ஆபத்து, எது முக்கியமானது, என்ன செய்யலாம், என்ன செய்வோம் என நான்கு படிகளில் தொழிலாளரே கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். நம் ஊரிலும் இது இயலும். கொடிக்காலில் பாத்தி வெட்டிப் பழகிய ஆத்தூர் விவசாயிக்கு அந்த மண்ணின் குணம் புத்தகம் படித்தவரைவிட நன்றாகத் தெரியும். "இந்த இடத்தில் முன்பு மண் சரிந்ததுண்டா?" என்று அவரைக் கேளுங்கள். சித்தாள் வேலை செய்யும் பெண்களையும் கேளுங்கள். சுமையுடன் விளிம்பில் நடப்பவர்கள் அவர்களே. முடிவில் ஒருவரை அழைத்து, சொன்னதைத் திருப்பிச் சொல்லச் செய்க. அவரால் சொல்ல முடியாவிட்டால் மீண்டும் எளிதாகச் சொல்ல வேண்டும்.

4. பேச்சுக்குப் பின் செயல்

பேச்சு பலகைக்கு ஈடாகாது. 1.5 மீட்டருக்கு மேற்பட்ட பள்ளத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். அல்லது பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும். இரண்டும் இல்லையேல் அன்று வேலையை நிறுத்துவதே முறை. மார்ச்சு முடிவதற்குள் கணக்கை முடிக்க வேண்டுமென்ற அவசரத்தில், "இன்று ஒருநாள் போகட்டும்" என்று சொல்லும் பஞ்சாயத்து அங்கத்தினரின் ஒரு வார்த்தை, மேஸ்திரியின் நூறு எச்சரிக்கைகளையும் வீணாக்கிவிடும். மாறாக, அங்கத்தினரும் வாரம் ஒருமுறையேனும் காலைக் கூட்டத்தில் வந்து நின்றால், வேலையை நிறுத்தச் சொல்லும் தைரியம் மேஸ்திரிக்கு உண்டாகும்.

தேதி, பேசிய பொருள், தொழிலாளர் கூறிய குறை, அது தீர்க்கப்பட்ட நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வருக. தீராத குறையை மறுநாள் பேச்சின் முதல் பொருளாக்குக. அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்குடன் இந்த நோட்டையும் அங்கத்தினர்கள் கேட்டு வாங்கிப் பார்த்தல் வேண்டும்.