உளியோடு பெயர்ந்த திறன்

நுழையும்முன்

மேல்நிலை வகுப்பில் தேர்ந்தெடுக்கும் பாடப்பிரிவே வாழ்நாள் தொழிலை முடிவுசெய்துவிடும் என்னும் அச்சம் மாணவர் பலருக்கு உண்டு. தொழில்கள் மாறுகின்றன, சில மறைகின்றன, புதியன தோன்றுகின்றன. ஆயினும், ஒரு தொழிலில் பெற்ற திறன் அத்தொழிலோடு முடிந்துவிடுவதில்லை. இவ்வுண்மையைக் கள்ளக்குறிச்சி மரச்சிற்பக் கலையின் வழியே விளக்குகிறது இப்பாடம்.

மதுரையிலிருந்து வந்த கலை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் ஆகிய வட்டங்களில் மரச்சிற்பத் தொழில் நடைபெற்று வருகிறது. மன்னர்களின் ஆதரவில் மதுரைப் பகுதியில் செழித்திருந்த கலை இது. காலப்போக்கில் கைவினைஞர்கள் வேலை தேடிப் பிற ஊர்களுக்குப் பெயர்ந்தனர். அவ்வாறு இப்பகுதிக்கு வந்தோர், மரபுவழி வேலைப்பாட்டினின்று தமக்கென ஒரு தனிப்பாணியை உருவாக்கினர். கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

பிறந்த மண்ணையும் ஆதரித்தோரையும் விட்டு வந்தவர்கள் எதைக் கொண்டு வாழ்ந்தனர்? உளியும் சுத்தியும் எவ்வூரிலும் கிடைப்பவை. அவர்களை வாழவைத்தது அக்கருவிகளை ஆளும் திறனே ஆகும்.

கைக்குள் அடங்கிய அறிவு

மரச்சிற்பி ஒருவரின் வேலையைக் கூர்ந்து நோக்கினால் அதனுள் பல திறன்கள் அடங்கியிருப்பதை உணரலாம். முதலாவது, பொருளறிவு. வேம்பு, பூவரசு, வேங்கை, மா என ஒவ்வொரு மரத்தின் இயல்பும் வேறு. ஈரம் உலராத மரத்தில் செய்த சிற்பம் பின்னர் வெடித்துவிடும். இரண்டாவது, அளவறிவு. முகத்தின் நீளத்தை ஒரு 'தாளம்' எனக் கொண்டு, உருவத்தின் முழு உயரத்தையும் உறுப்புகளையும் கணக்கிடுவது சிற்ப மரபு. மூன்றாவது, திட்டமிடல். செதுக்கி எடுத்த பகுதியை மீண்டும் சேர்க்க இயலாது. ஆதலின், உளியை வைக்கும் முன்பே முழு வடிவமும் மனத்தில் தெளிந்திருத்தல் வேண்டும். நான்காவது, கேட்போரின் தேவையறிந்து, விலை பேசி, சொன்ன நாளில் ஒப்படைக்கும் நேர்மை.

இவற்றுள் முதலாவது மரத்தொழிலுக்கே பெரிதும் உரியது. ஏனைய மூன்றும் எத்தொழிலுக்கும் பொருந்துவன. அளவறிவு கணினிவழி வடிவமைப்புக்கு உதவும்; திட்டமிடல் அறுவை மருத்துவருக்கும் வேண்டும்; சொன்ன நாளில் முடித்தல் எல்லா அலுவலகங்களிலும் மதிக்கப்படும். இவ்வாறு ஒரு பணியிலிருந்து மற்றொரு பணிக்கு எடுத்துச் செல்லத்தக்கவற்றை 'இடம்பெயர் திறன்கள்' எனலாம்.

உணவகத்திலிருந்து தொழிற்கூடத்திற்கு

ஒரே வாழ்வில் பல தொழில்களைக் கடந்தவர் கோவையைச் சேர்ந்த ஜி. டி. நாயுடு. இளமையில் உணவகத்தில் பணிபுரிந்த அவர், சேமித்த பணத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். அதைப் பிரித்தும் பூட்டியும் அதன் இயக்கத்தைக் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கினார். பின்னர் மின்மோட்டார் உருவாக்கும் தொழிலிலும் தடம் பதித்தார். தொழில்கள் மாறினும், ஒன்றைப் பிரித்து ஆராயும் பழக்கமும் சிக்கனமும் அவருடனேயே வந்தன.

திறனும் தகுதியும்

இடம்பெயர் திறன், முறையான கல்விக்கு ஈடாகாது. சிற்பக்கூடத்தில் வளர்ந்த மாணவிக்கு அளவறிவு இயல்பாக அமைந்திருக்கலாம். எனினும், கட்டட வடிவமைப்புப் பட்டப்படிப்பில் சேர அதற்குரிய பாடங்களைப் பயின்று நுழைவுத்தேர்வும் எழுதியாக வேண்டும். திறன் அவளுக்குப் பாதியைக் கடக்க உதவும்; மீதியைப் புதிய கல்வியாலேயே கடக்க இயலும். புதியதைக் கற்க மறுப்பவரிடம் பழைய திறனும் தேங்கிவிடும்.

மற்றொரு தடையும் உண்டு. தம்மிடம் உள்ள திறனை மாணவர் பலர் திறனென்றே அறிவதில்லை. மரவள்ளி அறுவடையில் ஆள்கூலி கணக்கிடுபவரும், தந்தையின் கடையில் நின்று வாடிக்கையாளரிடம் பொறுமையாகப் பேசுபவரும், மலையூரிலிருந்து வந்து விடுதியில் தங்கி எல்லாரோடும் இணங்கி வாழப் பழகியவரும் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்றே கூறுகின்றனர். செய்த வேலையின் பெயரை மட்டும் கூறாது, அவ்வேலையில் எதிர்கொண்ட சிக்கலையும் அதைத் தீர்த்த முறையையும் எடுத்துரைக்கப் பழகினால், நேர்காணலில் அதுவே வலிமையான சான்றாகும்.

பெற்றோரின் தொழிலையே பிள்ளைகள் தொடரவேண்டும் என்பதன்று. அத்தொழிலைவிட்டு விலகுவோரும் அதிலுள்ள அறிவை விட்டுச்செல்ல வேண்டியதில்லை. மதுரையை விட்டு வந்த சிற்பிகளின் கலை புதிய மண்ணில் புதிய பாணியாகத் தழைத்தது போல, மாணவரின் திறனும் புதிய துறைகளில் தழைக்கும்.

தெரிந்து தெளிவோம்

முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், ஆக்கச்சிந்தனை, பிறர்நிலை உணர்தல் உள்ளிட்ட 10 வாழ்க்கைத் திறன்களை உலக நலவாழ்வு அமைப்பு வரையறுத்துள்ளது. மாணவர்களின் திறன் மேம்பாட்டிற்காகத் தமிழ்நாடு அரசு 2022இல் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்க் கைவினைஞர் அல்லது உழவர் ஒருவரைச் சந்தித்து, அவர் தொழிலில் அடங்கிய திறன்களைப் பட்டியலிடுக.
2. அவற்றுள் பிற தொழில்களுக்குப் பயன்படுவன எவை என வகுப்பில் கலந்துரையாடுக.
3. நீங்கள் வீட்டிலோ பள்ளியிலோ தீர்த்த சிக்கல் ஒன்றை நேர்காணலில் கூறுவதுபோல் ஒரு பத்தியில் எழுதுக.