நிற்கும் எந்திரத்தின் செலவு

பி.எஸ்சி. (கணிதம்), இரண்டாம் ஆண்டு

எங்கள் நைனார்பாளையத்தில் கடைகால் தோண்டுவதற்கும் நிலம் சமன்செய்வதற்கும் இன்று ஜே.சி.பி.தான். 1945-இல் இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு தொடங்கிய கம்பெனியின் பெயர்ச் சுருக்கம் அது. 1979-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டாக இந்தியாவுக்கு வந்தது. இப்போது எந்தக் கம்பெனி எந்திரமானாலும் ஊரில் அதே பெயர்தான்!

"டீசல் போக மீதியெல்லாம் லாபம்" என்பது பலருடைய எண்ணம். என் சித்தப்பாவும் நிலத்தை அடமானம் வைத்து ஒன்று வாங்க நினைத்து, "நீதானே கணக்குப் படிக்கிறே, பார்த்துச் சொல்லு" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அந்தக் கணக்கையே இங்கு எழுதுகிறேன்.

செலவு இருவகைப்படும். எந்திரம் ஓடினாலும் நின்றாலும் ஆவது உடைமைச் செலவு. ஓடினால் மட்டும் ஆவது இயக்கச் செலவு.

விலை 30 லட்சம், ஐந்தாண்டு கழித்து விற்றால் 10 லட்சம் கிடைக்கும் என்று கொள்வோம். தேய்மானம் ஆண்டுக்கு 4 லட்சம். வட்டியை 30 லட்சத்துக்கே போடலாகாது. மதிப்பு ஆண்டுதோறும் குறைகிறதல்லவா? ஆண்டுத் தொடக்க மதிப்புகள் 30, 26, 22, 18, 14. இது நாம் படித்த கூட்டுத் தொடர். சராசரி நடு உறுப்பாகிய 22 லட்சம். வட்டி, இன்சூரன்ஸ், வரி சேர்த்து 12 சதவீதம் என்றால் 2.64 லட்சம். ஆக, உடைமைச் செலவு ஆண்டுக்கு 6.64 லட்சம்.

இயக்கச் செலவாக மணிக்கு டீசல் 450, ஆபரேட்டர் சம்பளமும் பேட்டாவும் 150, ஆயில், கிரீஸ், டயர், பக்கெட் பல் ஆகியவற்றுக்கு 100 என்று வைத்தால் 700 ரூபாய். சித்தப்பா தாமே ஓட்டுவதாகச் சொன்னார். அப்போதும் அந்த 150-ஐக் கழிக்கத்தான் வேண்டும். அவர் வேறு வேலைக்குப் போனால் கூலி கிடைக்குமே!

வாடகை மணிக்கு 1,200 என்றால் மிச்சம் 500. 6,64,000-ஐ 500-ஆல் வகுத்தால் 1,328 மணி. நாளுக்கு எட்டு மணி வீதம் 166 நாள் ஓடினால்தான் கைமுதல் தேறும். லாபம் அதற்குப் பிறகே.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சேற்று நிலத்தில் எந்திரம் இறங்காது. கரும்பும் மரவள்ளியும் நிற்கும் வயலில் அதற்கு வேலை இல்லை. 500 மணிதான் ஓடிற்று என்றால் உடைமைச் செலவு மட்டும் மணிக்கு 1,328 ரூபாய், வாடகையையே மிஞ்சிவிடுகிறது.

பழைய எந்திரம் வாங்கினால் தேய்மானமும் வட்டியும் குறையும். ஆனால் ஹைட்ராலிக் பம்பு பழுதானால் பணமும் போகும், வேலை நாளும் போகும். வாங்குமுன் மணி மீட்டரையும் சர்வீஸ் புத்தகத்தையும் ஒத்துப் பார்க்க வேண்டும் என்று சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.