நான்கு சென்சார் மாற்றியும் விளக்கு அணையவில்லை: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: 2011-இல் பதிவான போர்ஷே கேமன் கார் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆர்.சி. எங்கள் குடும்ப பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் பெயரில். ஓட்டுவது நான் மட்டும்தான். நான்கு மாதங்களுக்கு முன் செக் இன்ஜின் லைட் எரிந்தது. வெளிநாட்டுக் கார்களைப் பழுது பார்க்கும் ஒரு தனியார் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஸ்கேன் செய்து ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அதில் பேங்க் 2 பக்கம் மட்டும்தான் கோளாறு காட்டியது. ஆனால் "பழைய வண்டி சார், நாலு ஆக்சிஜன் சென்சாரையும் மாத்திடலாம்" என்றார்கள். போனில் சரி என்றேன். ரூ.1.86 லட்சம் பில். அதில் "ஆக்சிஜன் சென்சார் – 4" என்று ஒரே வரி. பார்ட் நம்பர் இல்லை. கீழே "எலெக்ட்ரிக்கல் பொருட்களுக்கு வாரன்டி கிடையாது" என்று ரப்பர் ஸ்டாம்ப். பழைய சென்சார்களைக் கேட்டதற்குத் தூக்கிப் போட்டுவிட்டோம் என்றார்கள்.

மூன்றே வாரத்தில் மறுபடியும் லைட். திரும்பக் கொண்டுபோய் விட்டதும், "இரண்டு கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் போய்விட்டது, ஆறரை லட்சம் ஆகும்" என்கிறார்கள். வேண்டாம் என்றேன். பரிசோதனைக் கட்டணம் ரூ.18,000, தினசரி பார்க்கிங் ரூ.500 கட்டாமல் காரைத் தர மாட்டார்களாம். எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு, பின்பக்க இரண்டு சென்சார்களின் ஒயரை வெட்டி ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறார்கள், பொருள் டூப்ளிகேட் என்கிறார். நண்பர் ஒருவரோ கன்வெர்ட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, இ.சி.யு.வில் பின் சென்சாரை அணைத்துவிட்டால் தீர்ந்தது என்கிறார். வரும் அக்டோபரில் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். நான் என்ன செய்வது?
— வாசகர், கோவை.

பதில்: உங்கள் கடிதத்தில் "டூப்ளிகேட்" என்ற சொல்தான் கோபமாக ஒலிக்கிறது. ஆனால் வழக்கு என்று வந்தால் அதை முன்னால் நிறுத்தாதீர்கள். பொருள் போலி என்று சொன்னால் அதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். ஒயரை வெட்டி ஒட்டியிருப்பது மட்டும் போலிக்கு அத்தாட்சி ஆகாது. எந்தக் காருக்கும் பொருந்தும்படி பிளக் இல்லாமல் வெறும் ஒயரோடு விற்கப்படும் யுனிவர்சல் சென்சார்களை நல்ல நிறுவனங்களே தயாரிக்கின்றன. பழைய பிளக்கை வெட்டிப் புதிய சென்சாரில் இணைப்பது அவற்றைப் பொருத்தும் முறைதான். எதிர்தரப்பு வக்கீல் இதை எடுத்துவைத்தால் உங்கள் மெக்கானிக்கின் சாட்சியம் அங்கேயே படுத்துவிடும்.

உங்கள் கையில் இருக்கும் பலமான வாதம் வேறு. கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்காமலே பொருளை மாற்றினார்கள் என்பதுதான் அது.

இதைப் புரிந்துகொள்ளக் காரின் வயிற்றுக்குள் கொஞ்சம் போக வேண்டும். உங்கள் வண்டியின் ஆறு சிலிண்டர்கள் மூன்று மூன்றாக இரண்டு பக்கம் (பேங்க் 1, பேங்க் 2) படுத்திருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்துக்கும் புகையைச் சுத்திகரிக்கும் தனி கன்வெர்ட்டர். அதற்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். முன்னால் இருப்பது புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து, பெட்ரோலைக் கூட்டு, குறை என்று இன்ஜினின் கணினியான இ.சி.யு.வுக்குச் சொல்கிறது. பின்னால் இருப்பது கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்கிறது. சென்சார் பெயரில் ஒரு கோளாறுக் குறியீடு (கோடு) வந்துவிட்டது என்பதற்காக சென்சார் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. இன்டேக்கில் காற்றுக் கசிவு, சைலன்சர் இணைப்பில் ஓட்டை, காற்றின் அளவைப் பார்க்கும் சென்சாரில் அழுக்கு, ஒயரில் முறிவு என்று எதுவும் அதே விளக்கை எரியவைக்கும். இந்த வகை போர்ஷே இன்ஜின்களில் ஆயில் செபரேட்டர் என்றொரு பாகம் உண்டு. அது பழுதானால் ஆயில் இன்டேக் வழியாக உள்ளே போய் எரியும். நாளடைவில் சென்சாரையும் கன்வெர்ட்டரையும் சேர்த்தே கெடுக்கும். அதைப் பார்க்காமல் சென்சாரை மட்டும் மாற்றுவது, தகவல் சொன்னவனை அடித்துவிட்டுத் திருடனை விட்ட கதை.

ஆகவே ஒர்க்‌ஷாப்பிடம் கேட்க வேண்டியவை இவை. பேங்க் 2-இல் மட்டும் கோடு இருக்க, பேங்க் 1-ஐ ஏன் தொட்டீர்கள்? மாற்றுவதற்கு முன் கசிவு பார்த்தீர்களா? சென்சார் சிக்னலின் வோல்டேஜைப் பார்த்த பதிவு உண்டா? கன்வெர்ட்டர் கெட்டதை முதல் முறையே ஏன் சொல்லவில்லை? நல்ல ஒர்க்‌ஷாப் என்றால் ஜாப் கார்டில் பதில் இருக்கும். இல்லையென்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11) சொல்லும் சேவைக் குறைபாட்டுக்கு அதுவே அடிப்படை.

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வயதான காரில் சென்சார்களைச் சேர்த்து மாற்றச் சொல்வது தொழிலில் உள்ள வழக்கம்தான். நீங்களும் போனில் சம்மதித்திருக்கிறீர்கள். ஆனால் எதை நம்பிச் சம்மதித்தீர்கள் என்பதே கேள்வி. யுனிவர்சல் சென்சாரைப் போட்டு, காருக்கே உரிய ஒரிஜினலின் விலையை வாங்கியிருந்தால் அது பிரிவு 2(47)-இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. பார்ட் நம்பர் இல்லாத பில் இந்த இடத்தில் உங்களுக்குத்தான் உதவும்: எங்கே வாங்கினீர்கள், கொள்முதல் பில்லைக் காட்டுங்கள் என்று கேட்கலாம். ஈயம் வைத்து ஒட்டியதும் சாதாரண விஷயமல்ல. ஜிர்கோனியா வகை சென்சார் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை ஒயரின் இழைகள் வழியாகத்தான் எடுக்கிறது. ஈயம் அந்த வழியை அடைத்துவிடும். அதனால்தான் பல தயாரிப்பாளர்கள் பொருத்தும் குறிப்பிலேயே ஈயம் வைக்காதீர்கள், அழுத்தி இணையுங்கள் என்கிறார்கள்.

ரப்பர் ஸ்டாம்ப் உங்கள் உரிமையை அழிக்காது. குறைபாடுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதையும் பிரிவு 2(47) நேர்மையற்ற நடைமுறை என்றே வகைப்படுத்துகிறது. மூன்று வாரத்தில் நீங்கள் போய் முறையிட்டதற்கு வாட்ஸ்அப் ஆதாரம் இருந்தால் நல்லது. அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். பாரதிய சாக்‌ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன்படியான சான்றிதழை இணைத்துத் தாக்கல் செய்யுங்கள். நுகர்வோர் ஆணையங்கள் சாட்சியச் சட்டத்தை வரிக்கு வரி பிடிப்பதில்லை. ஆனாலும் எதிர்தரப்புக்கு வாய்ப்பு தருவானேன்?

கார் கம்பெனி பெயரில் இருக்கிறதே, வணிக நோக்கம் என்று தள்ளிவிடுவார்களோ என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். 2024 ஜூலையில் டெய்ம்லர் கிரைஸ்லர் எதிர் கன்ட்ரோல்ஸ் அண்ட் ஸ்விட்ச்கியர் வழக்கில், இயக்குநரின் சொந்த உபயோகத்துக்காகக் கம்பெனி வாங்கிய காரை வணிக நோக்கத்துக்கு வாங்கியதாகக் கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வணிக நோக்கம் என்று நிரூபிப்பது எதிர்தரப்பின் வேலை. நீங்கள் செய்ய வேண்டியது, கம்பெனியின் தீர்மானத்தோடு அதன் பெயரிலேயே புகாரைப் போடுவது. உங்கள் சொந்தப் பெயரில் போட்டால் முதல் விசாரணையிலேயே தேவையில்லாத சண்டை வரும்.

இப்போது அவசரமானது, காரை மீட்பது. ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 170, உழைப்பும் திறமையும் செலவிட்டு வேலை பார்த்தவருக்கு, அந்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளை வைத்துக்கொள்ளும் பற்றுரிமையைத் தருகிறது. அந்த வேலைக்கான கூலிக்கு மட்டும், அதைக் கவனியுங்கள். பிற பாக்கிகளுக்கெல்லாம் பிடித்துவைக்கும் பொதுப் பற்றுரிமை பிரிவு 171-இல் வங்கி போன்ற சிலருக்குத்தான் உண்டு, தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஒர்க்‌ஷாப்புக்குக் கிடையாது. ரூ.18,000 பற்றி வாதாட இடமுண்டு, தங்கள் வேலையையே மறுபடி பார்த்ததற்குக் கூலியா என்று. ஆனால் அதற்காகக் கார் அங்கே வெயிலில் கிடக்க வேண்டாம். "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், திரும்பக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டு வங்கி வழியாகக் கட்டுங்கள். பார்க்கிங் கட்டணத்தை முன்கூட்டி ஒப்புக்கொண்டு நீங்கள் கையெழுத்திட்டிருந்தாலொழியக் கட்ட வேண்டியதில்லை. தன் பற்றுரிமைக்காகத் தானே பிடித்துவைத்துக்கொண்டு அதற்கு வாடகையும் கேட்க முடியாது. அப்படியும் தர மறுத்தால், புகாருடன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 38(8)-இன்கீழ் இடைக்கால உத்தரவு கேட்கலாம்.

காரை எடுக்கும் நாளில் ஓட்டிக்கொண்டு வராதீர்கள், ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள். அதற்கு முன் அங்கேயே, வீடியோ எடுத்தபடி, உங்கள் ஆளைக் கொண்டு ஸ்கேன் செய்யுங்கள். கோடுகளை அழிக்கவோ பேட்டரியைக் கழற்றவோ யாரையும் விடாதீர்கள். கோடு பதிவான நேரத்தில் இன்ஜின் எந்த வெப்பத்தில், எந்த வேகத்தில் ஓடியது என்பதெல்லாம் ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருக்கும். கடைசியாகக் கோடு அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் பல கார்களின் இ.சி.யு. சொல்லும். அந்த ஓர் எண், "சரிசெய்தோம்" என்றவர்கள் விளக்கை வெறுமனே அணைத்துத்தான் அனுப்பினார்களா என்பதைக் காட்டிக்கொடுக்கக்கூடும். பிறகு வேறொரு சர்வீஸ் சென்டரில் எழுத்து மூலமான அறிக்கை வாங்குங்கள். சரிசெய்ய மட்டும் விடாதீர்கள். சேவைக் குறைபாட்டை நிரூபிக்க வேண்டியவர் புகார்தாரரே என்று 2021-இல் எஸ்.ஜி.எஸ். இந்தியா எதிர் டால்பின் இன்டர்நேஷனல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சென்சார்களைக் கழற்றிவிட்டால் நிரூபிக்க ஒன்றும் மிஞ்சாது. பிரிவு 38(2)(சி)-இன்கீழ் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி ஆணையத்திடமே கேட்கலாம். அதற்கும் அவை வண்டியில் இருக்க வேண்டும்.

இனி நடைமுறை. முதலில் பதினைந்து நாள் அவகாசத்தோடு வக்கீல் நோட்டீஸ். சட்டம் கட்டாயமாக்கவில்லை, ஆனால் பல ஒர்க்‌ஷாப்கள் இந்த இடத்திலேயே பேச வந்துவிடும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம். மசியவில்லையென்றால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம். புகார்தாரர் இருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமே இல்லை. இரண்டு ஆண்டுக் காலவரம்புக்குள் நன்றாகவே இருக்கிறீர்கள். எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், அதற்கு மேல் 15 நாள் நீட்டிப்பு, அவ்வளவுதான். 1.86 லட்சம், 18,000, வண்டி ஏற்றிய கூலி, அறிக்கைச் செலவு, நியாயமான ஓர் இழப்பீட்டுத் தொகை ஆகியவற்றைக் கேளுங்கள். கன்வெர்ட்டருக்கான ஆறரை லட்சத்தைக் கேட்காதீர்கள். அவர்கள் வேலையால்தான் அது கெட்டது என்று சொல்ல இன்று ஆதாரமில்லை; பேராசைக்காரர் என்ற பெயர்தான் மிஞ்சும். நிபுணர் அறிக்கை அப்படிச் சொன்னால் மனுவைத் திருத்திக்கொள்ளலாம்.

கன்வெர்ட்டரைக் கழற்றச் சொல்லும் நண்பரிடம் கார் பேச்சையே எடுக்காதீர்கள். அனுமதியில்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 182ஏ(4)-இல் உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும். புகை வரம்பை மீறினால் பிரிவு 190(2) தனியாக வரும்: முதல் முறையே ரூ.10,000 வரை அபராதமோ மூன்று மாதம்வரை சிறையோ இரண்டுமோ, அதோடு மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. கம்பெனி கார் என்பதால் பதில் சொல்ல வேண்டியவர்களின் பட்டியலும் நீளும்.

ஆர்.சி. புதுப்பிக்கப் படிவம் 25-ஐக் காலாவதிக்கு முந்தைய 60 நாளில்தான் கொடுக்க முடியும், அதாவது ஆகஸ்ட் வாக்கிலிருந்து. வண்டியை ஆய்வாளர் பார்ப்பார். புகைச் சான்றும் செல்லுபடியில் இருக்க வேண்டும். பிஎஸ்-4 பெட்ரோல் கார் என்றால் ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3%, ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் தாண்டக் கூடாது. இன்ஜினை 2,500 ஆர்.பி.எம். அளவில் வைத்துப் பார்க்கும்போது, காற்று-பெட்ரோல் விகிதத்தைக் குறிக்கும் லாம்டா 0.97-க்கும் 1.03-க்கும் இடையில் நிற்க வேண்டும். முன் சென்சார்கள் சரியில்லாமல் இந்த லாம்டாவில் தேறுவது கடினம். ஆகையால் நோட்டீஸை இந்த வாரமே அனுப்பி, ஆய்வுக்கான மனுவைப் புகாரோடு சேர்த்தே போடுங்கள். ஆணையத்தின் நிபுணர் பார்த்து, பொருட்களை முத்திரையிட்டு எடுத்துக்கொண்ட பிறகு, அனுமதி பெற்றுப் பழுது பார்த்து, ஆகஸ்டுக்குள் புகைப் பரிசோதனைக்குப் போகலாம். ஆய்வு தாமதமானால், ஆர்.சி. காலாவதியைக் காரணம் காட்டி அதை முன்கூட்டி நடத்தும்படி தனி மனு போடலாம். அதற்குத் தேவை, ஆர்.சி.யின் நகலும் முதல் நாள் வந்த அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டும்.