கடலின் நீலமும் விஞ்ஞானப் பாடமும்

கடல் ஏன் நீலமாகத் தோன்றுகிறது என்னும் வினா உயர்நிலைப் பள்ளி வகுப்புகளில் அடிக்கடி எழுவது. வானத்தின் நிறம் நீரில் பிரதிபலிக்கிறது என்று ஓர் ஆசிரியர் கூறுவார். நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்கின்றன, இதனை ராமன் நிரூபித்துவிட்டார் என்று மற்றோர் ஆசிரியர் கூறுவார். இரு விடைகளும் ஐயத்துக்கு இடமின்றி ஒரே உறுதியோடு கூறப்படுகின்றன. மாணவன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறான். வினா அத்துடன் முடிந்துவிடுகிறது. விஞ்ஞானம் கண்ட முடிவுகளை நன்கறிந்த ஆசிரியர்களுங்கூட அம்முடிவுகளை அது எவ்வாறு அடைகிறது என்பதைக் கற்பிக்க மறந்துவிடுகின்றனர்.

கடலின் நீலம் வானத்தின் நிழலே என்று கருதியவர் சாதாரண மனிதர் அல்லர். வானம் நீலமாயிருப்பதன் காரணத்தைக் கணித முறையில் விளக்கியவரும், 1904-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவருமான ராலே பிரபுவே அவர். 1921-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த சி. வி. ராமன் இங்கிலாந்து சென்று கப்பலில் தாயகம் திரும்பினார். அவரிடம் ஒரு நிக்கோல் பட்டகம் இருந்தது. நீர்ப்பரப்பினின்று ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பிரதிபலிக்கும் ஒளி ஒரே தளத்தில் அதிரும் இயல்புடையது. பட்டகத்தைத் தக்கவாறு திருப்பினால் அவ்வொளி மறைந்துவிடும். ராமன் அவ்வாறே செய்து பார்த்தார். வானத்தின் நிழலே நீலத்துக்குக் காரணமாயின், நிழல் மறைந்ததும் நீலமும் மறைய வேண்டும். நீலம் மறையவில்லை; முன்னிலும் ஆழமாகத் தோன்றியது.

இங்கு ஆசிரியர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. விலையுயர்ந்த கருவி எதுவும் ராமனிடம் இல்லை. ராலேயின் கருத்து தவறாயின் கண்ணுக்கு என்ன தென்படும் என்று அவர் முன்னதாகவே சிந்தித்திருந்தார். சோதனையின் உயிர் அதில்தான் இருந்தது. ஒளிச் சிதறல் பற்றி அவர் தொடர்ந்து செய்த ஆராய்ச்சியே 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் ராமன் விளைவில் கொண்டு சேர்த்தது.

பாடநூல்கள் பெரும்பாலும் இங்கே கதையை நிறுத்திவிடுகின்றன. ஆனால் கதை இங்கே முடியவில்லை. தூய நீர் சிவப்பொளியைச் சிறிதளவு உட்கவர்கிறது என்பதும், கடலின் நீலத்துக்கு இதுவே முதன்மையான காரணம் என்பதும் இன்று ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளன. சில மீட்டர் நீளமுள்ள குழாயில் தூய நீரை நிரப்பி அதனூடே வெள்ளொளியைப் பார்த்தால் நீலச்சாயல் தெரியும். கனநீரை நிரப்பினால் அச்சாயல் தோன்றுவதில்லை. சிதறலே முதன்மைக் காரணமாயின் கனநீரிலும் நீலம் தோன்ற வேண்டுமல்லவா? கனநீரின் மூலக்கூறு மெதுவாக அதிர்வதால், அது உட்கவரும் ஒளி கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புப் பகுதிக்கு நகர்ந்துவிடுகிறது. நீர் உட்கவராத நீல ஒளியை மேலே திருப்பி அனுப்புவதில் சிதறலுக்குப் பங்குண்டு. மேகம் சூழ்ந்த நாளில் கடல் சாம்பல் நிறம் கொள்வதைக் கண்டவர்கள் ராலேயின் கூற்றையும் முற்றும் தள்ளிவிட மாட்டார்கள்.

கண்ணாடித் தம்ளரில் நீர் எடுத்து, இரண்டு துளி பால் விட்டு, டார்ச்சு விளக்கின் ஒளியைச் செலுத்தும் சோதனையைப் பலர் செய்து காட்டுகின்றனர். பக்கவாட்டில் நீலச்சாயலும் நேரே செம்மையும் தெரியும். நல்ல சோதனைதான். ஆயினும் அது வானத்தின் நிறத்தை விளக்குமேயன்றிக் கடலின் நிறத்தை விளக்காது. அது எதைக் காட்டவில்லை என்று மாணவர்களையே கேட்பது நலம்.

சொற்களிலும் ஒரு குழப்பம் நிலவுகிறது. கருதுகோள் வளர்ந்து கொள்கையாகும், கொள்கை உறுதிப்பட்டால் விதியாகும் என்று சிலர் படிக்கட்டுப் போல வரைந்து காட்டுகின்றனர். இது சரியன்று. 1662-இல் பாயில் வெளியிட்ட விதி வாயுவின் அழுத்தமும் பருமனும் எவ்வாறு தொடர்புற்றுள்ளன என்று கூறுகிறது. அது ஏன் அவ்வாறு என்பதை விளக்குவது பிற்காலத்தில் உருவான இயக்கக் கொள்கை. அக்கொள்கை ஒருநாளும் விதியாக மாறப்போவதில்லை.

களப்பணியாளருக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய பின் வீடுதோறும் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. 1965-இல் நோயுற்றோர் தொகை சுமார் ஒரு லட்சமாகக் குறைந்தது. 1976-இல் அதுவே 64 லட்சத்தைத் தாண்டியது. தெளிப்புப் பணியில் நேர்ந்த தளர்ச்சியோடு, கொசுக்கள் மருந்தைத் தாங்கும் ஆற்றல் பெற்றதும் இதற்குக் காரணம். மருந்தை மாற்ற வேண்டிய நிலையில், "அன்று சொன்னது பொய்யா?" என்று கிராமத்தார் கேட்டால் பணியாளர் என்ன விடை கூறுவார்? விஞ்ஞானம் முடிவாகக் கண்ட உண்மை என்று முன்னர் முழங்கியவருக்கு வாய் அடைத்துப்போகும். அன்று அம்மருந்து கொசுக்களைக் கொன்றது மெய். சாகாமல் எஞ்சிய சிலவற்றின் சந்ததியே இன்று பெருகியுள்ளது. அவற்றைப் பிடித்துச் சோதித்த பின்னரே மருந்து மாற்றப்படுகிறது என்று சொல்லத் தெரிந்தவருக்கு, அடுத்த வீட்டுக் கதவும் திறக்கும்.