ஃபிரிட்ஜில் பனி உருகுவது எப்படி?

'ஃப்ராஸ்ட் ஃப்ரீ' ஃபிரிட்ஜிலும் பனி படியத்தான் செய்கிறது. ஃப்ரீசரின் பின்பலகைக்கு அப்பால் இருக்கும் குளிர்ச்சிச் சுருளில் அது கண்ணில் படாமல் சேர்கிறது. கம்ப்ரஸர் 6 முதல் 12 மணி நேரம் ஓடியதும் டைமர் அதை நிறுத்திவிட்டு, சுருளையொட்டி இருக்கும் ஹீட்டருக்கு மின்சாரம் தருகிறது. புதிய மாடல்களில் இந்த வேலை எலக்ட்ரானிக் போர்டுடையது. உருகிய நீர் குழாய் வழியே பின்பக்கத் தட்டில் இறங்கி, கம்ப்ரஸரின் சூட்டிலேயே ஆவியாகிறது.

சுருளில் மாட்டியிருக்கும் பைமெட்டல் சுவிட்சில் இருவேறு உலோகங்கள் ஒட்டியிருக்கும். சூடு ஏறும்போது ஒன்று மற்றதைவிட அதிகம் விரிவதால் தகடு வளைந்து இணைப்பு துண்டாகிறது, ஹீட்டர் அணைகிறது. இந்த சுவிட்ச் பழுதாகி ஒட்டிக்கொண்டால் காப்பாற்றுவது தெர்மல் ஃபியூஸ். அது ஒருமுறை உருகினால் புதிதாக மாற்றத்தான் வேண்டும். அதை ஒதுக்கிவிட்டு ஒயரை நேராக முறுக்கிவிடுவது தீ விபத்துக்கு வழி, ஒருபோதும் கூடாது.

ஃப்ரீசரில் ஐஸ் இருந்தும் கீழ்த்தட்டில் பால் கெட்டுப்போனால், சுருளைப் பனி மூடியிருக்கலாம். பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்து ஒரு நாள் வைக்க வேண்டும். பிறகு சில நாள் நன்றாகக் குளிர்ந்து மறுபடி நின்றால், கோளாறு பெரும்பாலும் பனி உருக்கும் அமைப்பில்தான். கத்தியால் பனியைச் சுரண்டினால் சுருள் ஓட்டையாகி கேஸ் வெளியேறிவிடும்.