வலிமைக்கு எளிய உணவு

உடல் உரம்பெறப் பயிற்சி மட்டும் போதுமென்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவு வேலை பார்க்கும் என் தமையனார் ஒருவரும் அவ்வாறே எண்ணினார். மாலையில் பளு தூக்குவார். பின்னர்ச் சோறும் ரசமும் உண்டு வேலைக்குச் செல்வார். ஆறு திங்களாகியும் தோள் பருக்காமையால், கடன்பட்டுப் புரதப்பொடி டப்பா ஒன்று வாங்கினார். அக்கடனே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

சோற்றைப் பழிப்பது என் கருத்தன்று. ஆயினும் 1920-களில் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் செய்த சோதனை நினைவுகூரத் தக்கது. இந்நாட்டுப் பல இனத்தார் உண்ணும் உணவுகளை அவர் எலிகளுக்குத் தனித்தனியே ஊட்டினார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்டவை நன்கு வளர்ந்தன. அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாணத்தார் உணவை உண்டவை கடைசியில் நின்றன. நமக்கு நாணந் தரும் செய்திதான்! எனினும், அரிசிக்குத் தக்க துணை இல்லாமையே குறை. அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. பருப்பில் அது மிகுதி. நம் பாட்டிமார் சோற்றுக்குச் சாம்பார் வார்த்தது சுவை கருதி மட்டும் அன்று போலும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வகுத்தபடி, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளார்க்கு இது 50 கிராம். பளு தூக்குவார்க்கு 1.2 முதல் 1.6 வரை வேண்டுமென்பர். அஃதாவது 72 முதல் 96 கிராம். 400 கிராம் அரிசியில் ஏறக்குறைய 30, 75 கிராம் துவரம்பருப்பில் 16, 50 கிராம் வேர்க்கடலையில் 12, இரு முட்டைகளில் 12, ஆக 70. மீல் மேக்கர் என்று கடைகளில் வழங்கும் சோயா உருண்டை 25 கிராம் சேர்ப்பின் 83 ஆகும்.

நியாயவிலைக் கடையில் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். ஆனால் அட்டைக்குத் திங்கள் ஒன்றுக்கு ஒரு கிலோவே. நால்வர் பகிர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் பருப்பு. அதிற் புரதம் 2 கிராமுக்கும் குறைவு. அறையெடுத்துத் தங்கும் தொழிலாளர்க்கோ அட்டை ஊரிலிருக்கும், அடுப்பும் அரிது. வறுத்த வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் அவர்க்குச் சமைக்க வேண்டாத உணவு. பழவேற்காட்டுக் கருவாடும் நன்றே. உப்பு மிகுதியாதலின் நாள்தோறும் வேண்டா.

இவற்றைக் கேட்ட தமையனார், டப்பாவின் விலைக்கு எத்தனை கிலோ கடலை வருமென்று விரல்விட்டு எண்ணினார். சற்று நேரம் பேசவில்லை. கடனில் இன்னும் இரு தவணை உள்ளது.