இலவச மென்பொருளையும் ஒப்பிட்டே எடுக்க வேண்டும்

கடைக்குச் சரக்கு எடுக்கும்போது நான்கு இடத்தில் விலை கேட்கும் நாம், இலவசம் என்றதும் மென்பொருளை மட்டும் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறோம். நமது கொள்வனவுக் கணக்கும் கடன் பட்டியலும் அதற்குள்தானே இருக்கப்போகின்றன?

ஓர் உதாரணம் பார்ப்போம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டு மூலநிரலைத் திறந்துவிட்டதால் பிறந்தது ஓபன் ஒபிஸ். 2010இல் சன் நிறுவனத்தை ஒரக்கிள் வாங்கியது. அதே ஆண்டில் உருவாக்குநர்கள் பலர் பிரிந்து லிப்ரே ஒபிஸைத் தொடங்கினர். ஓபன் ஒபிஸ் 2011இல் அப்பாச்சி அமைப்பிடம் சென்றது.

இரண்டும் இலவசம். எதை எடுப்பது? நான் மூன்று விடயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, வேலை தொடர்ந்து நடக்கிறதா? ஓபன் ஒபிஸ் 2014இல் வந்த 4.1 பதிப்பையே திருத்தித் திருத்தி வெளியிடுகிறது. லிப்ரே ஒபிஸ் ஆண்டுக்கு இருமுறை புதிய பதிப்பைத் தருகிறது. பாதுகாப்பு ஓட்டைகள் தாமதமாக அடைபட்டால் நட்டம் நமக்கே.

இரண்டாவது, பிறர் கோப்புடன் ஒத்துப்போகுமா? எக்செல்லின் இன்றைய கோப்பை இரண்டும் திறக்கும். அதே வடிவில் சேமித்துத் தருவது லிப்ரே ஒபிஸ் மட்டுமே.

மூன்றாவது, வேண்டாமென்றால் வெளியேறலாமா? இரண்டும் ஓடிஎப் என்ற பொது வடிவில் சேமிப்பதால் கணக்கு ஓரிடத்தில் சிக்கிக்கொள்ளாது.

எனது தெரிவு லிப்ரே ஒபிஸ். நீங்களோ பழைய கணக்கின் பிரதியொன்றை அதில் திறந்து, கூட்டுத்தொகை சரியா எனப் பார்த்த பின்பே மாறுங்கள்.